வடகடல் பக்கம் மட்டும் வேண்டாம்

அருளானந்தம்: ...சிரிக்காத புஷ்பம். நெசமாத்தான் சொல்றேன். நடு ரோட்டுல சைக்கிள நிப்பாட்டி எறங்கி, "அருளானந்தம், உங்க வீட்டப் பாத்து இந்த மண்டபம் ஊரே கத்துக்கணும்"ங்குறாக நர்ஸம்மா.

புஷ்பமேரி: எதக் கத்துக்கணுமாம்?

அருளானந்தம்: அதான் எனக்கு வெளங்கல. "பிள்ளைகள வெளிய கொண்டு போங்க, வெயிலு படட்டும், காத்து படட்டும்னு வீடு வீடாச் சொல்றேன். நீங்க ஒரு குடும்பந்தான் காதுல வாங்குனீக"ன்னாக. நான் என்னத்த வாங்குனேன்? நம்ம பிள்ளைதான் புயலுக்கப்புறம் வாசலத் தாண்டலையே!

புஷ்பமேரி: வேற அருளானந்தமா இருக்கும்.

அருளானந்தம்: எம் பேரு, உம் பேரு, ஜோதிமேரி பேரு... மூணையும் சேத்துல்ல சொன்னாக?

புஷ்பமேரி: நர்ஸம்மாவுக்கு எத்தன ஊரு, எத்தன பிள்ளைக. கொழம்பியிருப்பாக. கஞ்சி ஊத்தவா?

அருளானந்தம்: கொழம்புனது அவுகளா நானான்னுதான் தெரியல. "பிள்ளைக்கு இப்பத்தான் கன்னத்துல ரத்தம் ஓடுது"ன்னு வேற சொன்னாக.

புஷ்பமேரி: முருங்கக்கீரை குடுக்கேன்ல.

அருளானந்தம்: கீரை தின்னா மூக்குத் தோலு உரியுமா?

புஷ்பமேரி: ...என்னது?

அருளானந்தம்: நானும் நாலஞ்சு நாளாப் பாக்கேன். வெயில்ல வெந்த மாதிரி உரிஞ்சிருக்கு. ஜோதி... ஏ ஜோதி, இங்கன வா தாயி.

ஜோதிமேரி: வாரேன்யா.

அருளானந்தம்: வெளிச்சத்துக்கு வா. எங்கன, மூக்கக் காட்டு. இது என்ன, முட்டில காயம்?

ஜோதிமேரி: அது... உரல்ல முட்டிக்கிட்டேன்.

புஷ்பமேரி: அடுப்படில வழுக்கி விழுந்துட்டா.

அருளானந்தம்: உரலா, அடுப்படியா?

புஷ்பமேரி: அடுப்படில வழுக்கி... உரல்ல முட்டிக்கிட்டா.

அருளானந்தம்: நம்ம உரலு கொல்லையிலல்ல கெடக்கு?

ஜோதிமேரி: அம்மா, நான் உள்ள போகட்டா?

புஷ்பமேரி: போத்தா. பாயப் போட்டுப் படு. ஏங்க, ஏழு வயசுப் பிள்ளை முட்டில ஒரு காயம் பட்டா அதுக்கு இம்புட்டு விசாரணையா?

அருளானந்தம்: கோவிச்சுக்காத. ஏதோ ஒண்ணு எனக்குப் புரிய மாட்டேங்குது, அதான். சரி, அத விடு. நர்ஸம்மா ஒரு சேதி சொல்லிவிட்டாக. ஞாயித்துக்கெழம சாயந்தரம் கோயில் திடலுக்கு எல்லாரும் குடும்பம் குடும்பமா வரணுமாம். பிள்ளைகள ஓடவிட்டு வெளாடவிடப் போறாகளாம். பெரியவுகளும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கணுமாம்.

புஷ்பமேரி: கடக்கரைச் சனத்த வீட்ட விட்டு வெளிய வாங்கன்னு கூப்புட ஒரு நர்ஸம்மா! தனுஸ்கோடில நம்ம பிள்ளைக சோறு திங்க மட்டுந்தான வீட்டுக்குள்ள வரும்?

அருளானந்தம்: அந்தக் கத வேற. இப்பப் பாரு, அங்கருந்து வந்த அம்புட்டு வீட்டுலயும் பிள்ளைய உள்ள போட்டு அடைச்சுத்தான் வச்சிருக்காக. காத்து கொஞ்சம் சத்தம் போட்டா கதவச் சாத்திருதாக. கால் எலும்பெல்லாம் வளையுதாம் பிள்ளைகளுக்கு. நர்ஸம்மா அதச் சொல்றப்ப அவுக கண்ணே கலங்கிப்போச்சு.

புஷ்பமேரி: அடைச்சு வைக்காம? ஒருத்தன வெளிய விட்டதுக்குத்தான...

அருளானந்தம்: புஷ்பம்.

புஷ்பமேரி: கில்பர்ட்ட நம்மகூடத் தங்கச்சிமடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா... வள்ளத்துக்குக் காவல்னு அங்கன நிக்காம, ஒரு வீட்டுக்குள்ள இருந்திருந்தா...

அருளானந்தம்: எந்த வீட்டுக்குள்ள? நம்ம வீடு எங்கன இருக்கு இப்ப? செவரு இருக்கா, கதவு இருக்கா? உள்ள படுத்திருந்தவுகளையும்தான கடல் கொண்டு போச்சு. வெளிய நின்னதால எம் பிள்ளை சாகல புஷ்பம். வீட்டுக்குள்ள இருந்தவனும் பொழைக்கல. அழாத.

புஷ்பமேரி: அழல. நீங்க சொல்லுங்க.

அருளானந்தம்: என்னத்தச் சொல்ல... இருக்குறது ஒத்தப் பிள்ளை. அவ வெளாடணும். நாளையிலருந்து நீயே கொஞ்ச நேரம் கூட்டிட்டுப் போ.

புஷ்பமேரி: எங்கிட்டுக் கூட்டிப் போக? இந்த மண்டபத்துல வடக்க போனாலும் கடல், தெக்க போனாலும் கடல்.

அருளானந்தம்: தெக்க போ.

புஷ்பமேரி: தெக்கயா! ஆவணில தென்கடல் எப்படிக் கெடக்கும்னு தெரியாத ஆளா நீங்க? சோழகக் காத்து ஆளத் தள்ளுது. அல வீடு ஒசரத்துக்கு எந்திரிக்கி. வடகடல்னாலும் குளத்துத் தண்ணி மாதிரி...

அருளானந்தம்: வடகடல் பக்கம் மட்டும் வேண்டாம்.

புஷ்பமேரி: ஏன்?

அருளானந்தம்: ஏன்னா... வலை காயப் போட்டிருப்பாக. மீன் நாத்தம்.

புஷ்பமேரி: மீன் நாத்தமா? நமக்கா?

அருளானந்தம்: அதுமில்லாம காலைல ஒரே ஆளும் பேருமா இருக்கும். சாயந்தரம்னா போ.

புஷ்பமேரி: சாயந்தரம் போனா வள்ளம் ஒண்ணையும் பாக்க முடியாதே.

அருளானந்தம்: வள்ளத்த எதுக்குப் பாக்கணும்?

புஷ்பமேரி: பிள்ளைக்கு வேடிக்கைக்குத்தான். சரி, கரையே வேண்டாம். ரயிலு டேஷனுக்குக் கூட்டியாறேன். அவ அய்யா எப்படி மூட்டை தூக்குறாகன்னு பாக்கட்டும்.

அருளானந்தம்: டேஷனுக்கா? அங்கன என்னத்துக்கு? எஞ்சின் பொகை... கரித்தூசி... பிள்ளை கண்ணுல விழுந்தா?

புஷ்பமேரி: நல்லாருக்கே! வெளிய கூட்டிட்டுப் போங்கிறீக. வடக்க போகக் கூடாது, டேஷனுக்கு வரக் கூடாது. தெக்க மட்டும் போயி காத்துல பறந்துரணும். ஏங்க, நீங்க வெளிய போகச் சொல்றீகளா, வேண்டாங்கிறீகளா?

அருளானந்தம்: எனக்கே தல சுத்துது.

புஷ்பமேரி: கஞ்சியக் குடிங்க, சுத்தாது.

அருளானந்தம்: நீ மட்டும் என்னவாம்? பிள்ளைய வெளிய விடுன்னு ஆனி மாசம் சொன்னதுக்கு எம் மேல செம்பத் தூக்கி எறிஞ்ச. இன்னைக்கு வடக்க போகட்டா, டேஷனுக்கு வரட்டாங்கிற. திடீர்னு எப்படி?

புஷ்பமேரி: நீங்கதான சொன்னீக, நர்ஸம்மா கண்ணு கலங்குச்சுன்னு.

அருளானந்தம்: அதுக்கு இம்புட்டுச் சீக்கிரமா மனசு மாறும்?

புஷ்பமேரி: மாறுனா வேண்டாமா?

ஜோதிமேரி: அம்மா... சவேரியார் மாமா வள்ளத்துல பாய்மரத்துப் பாய் கிழிஞ்சிருக்குல்ல? அதோட போனா வள்ளம் கவுந்துருமா?

அருளானந்தம்: ஏ பிள்ளை, நீ இன்னும் தூங்கலையா? கிழிசல் எங்கன இருக்கு? அத முந்தாநாளே தச்சாச்சே. நல்லா ரெட்டை நூலுல...

புஷ்பமேரி: மூட்டை தூக்குற ஆளுக்கு எப்படித் தெரியும், பாயத் தச்சது?

அருளானந்தம்: சவேரியார் சொன்னாரு. டேஷனுக்கு வந்திருந்தாரு. சரி... வீட்டுக்குள்ள கெடக்குற பிள்ளைக்கு எப்படித் தெரியும், பாய் கிழிஞ்சது?

புஷ்பமேரி: அடுத்த வீட்டுச் சாலிஹாக்கா சொன்னாக. தண்ணிக்கு வந்தப்ப.

அருளானந்தம்: சாலிஹாவுக்கு வள்ளத்துப் பாய்ல என்ன சோலி?

புஷ்பமேரி: சவேரியாருக்கு டேஷன்ல என்ன சோலி?

ஜோதிமேரி: அம்மா, சொல்லிரலாமாம்மா?

புஷ்பமேரி: வாய மூடிட்டுப் படுடி!

அருளானந்தம்: என்னத்தச் சொல்லணும்? தாயி, என்னத்தம்மா?

ஜோதிமேரி: நான் தூங்கிட்டேன்யா.

அருளானந்தம்: ...தூங்கிட்டாளாம். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல எனக்கு. இந்த வீட்டுல எல்லாருக்கும் எல்லாம் தெரியுது, எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல.

புஷ்பமேரி: தெரிஞ்சத நீங்க சொல்லுங்களேன் மொதல்ல.

அருளானந்தம்: எனக்கென்ன தெரியும்?

புஷ்பமேரி: டேஷன்ல மூட்டை தூக்குறது எப்படியிருக்கு? தோளு வலிக்குதா?

அருளானந்தம்: வலிக்கத்தான் செய்யும்.

புஷ்பமேரி: எந்தத் தோளு?

அருளானந்தம்: ரெண்டுந்தான்.

புஷ்பமேரி: மூட்டை தூக்குனா தோளுதான வலிக்கணும்? உள்ளங்கை ஏன் கயித்துத் தடமாக் கெடக்கு? சும்மா கேட்டேன். கஞ்சி ஆறுது.

அருளானந்தம்: கஞ்சி கெடக்கட்டும். புஷ்பம்... நான் ஒண்ணு சொன்னா செம்பத் தூக்க மாட்டியே?

புஷ்பமேரி: செம்பு உங்க கையிலதான இருக்கு.

அருளானந்தம்: நான் டேஷனுக்குப் போகல. ஆனி மாசமே விட்டுட்டேன். சவேரியார் வள்ளத்துலதான் போறேன். இந்தா, ஒழுங்காச் சொல்லிப்புட்டேன். பையன் மேல ஆணையிட்டுக் கடலத் தொடமாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்தேன். அத மீறிட்டேன்.

புஷ்பமேரி: ஏன் போனீக?

அருளானந்தம்: அந்தச் சரக்குக் கொட்டகைக்குள்ள எனக்கு மூச்சு முட்டுச்சு. தகரக் கூரை, நாலு பக்கமும் மூட்டை. ஒரு நா உள்ளயே மயங்கி விழுந்துட்டேன். உங்கிட்டச் சொல்லல. அன்னைக்கு மீன் கூடை ஏத்த வந்திருந்த சவேரியார்தான் கையத் தாங்கலாப் புடிச்சு வெளிய கூட்டியாந்து, கரையில உக்கார வச்சாரு. காத்து மொகத்துல அடிச்சுச்சு. புயலுக்கப்புறம் அன்னைக்குத்தான் "கில்பர்ட்டு"ன்னு வாய்விட்டுக் கூப்புட்டேன். அதுவரைக்கும் அந்தப் பேரு தொண்டையத் தாண்டி வரல எனக்கு. மறுநா காலு தானா வள்ளத்துல ஏறிருச்சு.

புஷ்பமேரி: பயமா இல்லையா?

அருளானந்தம்: பயந்தான். ஏறுறப்ப மட்டுந்தான். கொஞ்ச தூரம் போனப்புறம் விட்டுரும். அவன் அங்கன எங்கயோ இருக்கான்கிற மாதிரி... பைத்தியக்காரத்தனமா இருக்கா?

புஷ்பமேரி: இல்ல.

அருளானந்தம்: அதுனாலதான் நர்ஸம்மா சொன்னது எனக்கு உள்ள போய்க் குத்துச்சு. அவுக வெயிலு வேணும்கிறது எலும்புக்கு. எனக்கு எலும்புக்கு மட்டுமில்ல புஷ்பம். நான் மட்டும் தெனம் வெளிய போயி மூச்சு விட்டுட்டு வாரேன், நீயும் பிள்ளையும் உள்ள புழுங்கிக் கெடக்கீகளேன்னு... சோறு எறங்கல. வெளிய போன்னு சொல்லவும் வேணும். நீ வடக்க வந்தா என்னையப் பாத்துருவ, அதையும் தடுக்க வேணும். நான் என்னதான் செய்வேன், சொல்லு.

புஷ்பமேரி: அதான் தென்கடல்ல போயிப் பறக்கச் சொன்னீகளாக்கும்.

அருளானந்தம்: வாக்க மீறுனது தப்புத்தான். நாளையோட விட்டுருதேன். சவேரியார்கிட்டச் சொல்லிருதேன். நீ மட்டும் பிள்ளைய வெளிய...

புஷ்பமேரி: விட்டுறாதீக.

அருளானந்தம்: என்ன?

புஷ்பமேரி: இதுக்குப் பயந்துதான் நான் வாயத் தொறக்கல. நீங்க விட்டுட்டா பிள்ளை மறுபடியும் மூலையில போயி உக்காந்துரும்.

அருளானந்தம்: புரியல புஷ்பம். நான் கடலுக்குப் போறதுக்கும் பிள்ளைக்கும்...

புஷ்பமேரி: சாலிஹாக்கா ஆடி பொறக்கையிலயே சொல்லிட்டாக, உங்க வீட்டுக்காரரு வள்ளத்துல போறாருன்னு. கொலவெறில ஓடுனேன். இவள வீட்டுல தனியா விட மனசில்லாம இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடுனேன். நான் கரைக்கு வாரதுக்குள்ள வள்ளம் தூரமாப் போயிருச்சு. இனி இந்த மனுசன் திரும்புனாத்தான் நானும் வீடு திரும்புவேன்னு மண்ணுல அப்படியே உக்காந்துட்டேன். இவ என் இடுப்ப விட்டு எறங்கி, கொஞ்ச நேரம் ஒட்டிக்கிட்டு நின்னா. அப்புறம் ஒரு நண்டத் தொரத்திக்கிட்டு ஓடுனா. ஓடி விழுந்து அன்னைக்கும் முட்டியச் செராச்சுக்கிட்டு, எந்திரிச்சு... சிரிச்சா. கில்பர்ட் போனப்புறம் அந்தச் சிரிப்ப நான் கேக்கல. மறுநா விடியறதுக்குள்ள அவதான் என்னைய எழுப்புறா, "அய்யா போயிட்டாக, வாம்மா"ன்னு. அன்னையிலருந்து நீங்க படி எறங்குனதும் நாங்களும் எறங்கிருவோம். வள்ளம் தூரத்துல தெரிஞ்சதும், நீங்க கரை புடிக்குறதுக்கு முந்தி வீட்டுக்கு ஓடியாந்துருவோம். வள்ளம் போற வரைக்கும் அந்தப் பிள்ளை தெனமும் கையாட்டுது. நீங்க ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்தாத்தான...