மணி அடித்த பிறகும் ஒரு சுற்று

விளையாட்டு விழாவுக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு மூச்சிரைத்த தோழியரே! அனைவருக்கும் என் களைத்த கால்களின் வணக்கம்.

ஓடி முடித்தவளைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையில் மூன்றாண்டுகளாக நான் ஓடி முடிக்காதவள்.

ஆயிரத்தைந்நூறு மீட்டர் என் பந்தயம். எங்கள் அணியின் நட்சத்திரம், நாங்கள் சிட்டு என்றழைக்கும் தோழி. முன்னால் ஒருத்தி காற்றைக் கிழித்தால்தான் பின்னால் சிட்டு பறக்க முடியும். அந்த ஒருத்தி நான். முதலாண்டிலேயே பயிற்சியாளர் கணக்கைச் சொல்லிவிட்டார்: "கடைசிச் சுத்துக்கு மணி அடிக்கிற வரைக்கும் இழுத்துக் கொடு. அப்புறம் ஒதுங்கிக்கோம்மா."

இழுத்தேன்; ஒதுங்கினேன். அவள் கழுத்தில் பதக்கம் விழுந்தது. முடிவுத்தாளில் என் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று விழுந்தது. ஒரு முறையா, இரு முறையா? பதினோரு முறை! பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் ஆறாவது முறை வரை சிரித்தேன்.

சென்ற மாதம் இறுதிப் போட்டி. ஒன்பது பேர். வழக்கம்போல் முன்னால் நான், பின்னால் காலடிகள். சிட்டுதான் என்று நம்பி இழுத்தேன். மணி அடித்தது. பழகிய கால் தானாக வெளித்தடத்துக்கு ஒதுங்கியது. என்னைக் கடந்து மூவர் போனார்கள். மூவரில் ஒருத்தியும் சிட்டு இல்லை!

அவள் இரண்டாம் சுற்றிலேயே கெண்டைக்கால் பிடித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவையோரே, நான் யாருக்காக ஓடினேன்? யாருக்காக ஒதுங்கினேன்? யாரைக் கேட்டு நின்றேன்?

பயிற்சியாளரைப் பார்த்தேன். அவரிடம் அதற்குமேல் கட்டளை இல்லை. வெளித்தடத்திலிருந்து மீண்டும் உள்தடத்துக்கு இறங்கினேன். கடைசிச் சுற்று எப்படியிருக்கும் என்பதே போட்டியில் எனக்குத் தெரியாது, ஐயா. தொடை கல்லானது, தொண்டை நெருப்பானது, கோடு மட்டும் கிட்டே வரவேயில்லை. வந்தபோது நான்காமிடம். பதக்கம் இல்லை. நான்கு நிமிடம், நாற்பத்தொரு விநாடி: என் பெயருக்கு எதிரே முதன்முதலாக ஒரு நேரம்.

நொண்டிக்கொண்டே வந்த சிட்டு சொன்னாள்: "நான் எப்பவோ நின்னுட்டேன்டி. நீதான் திரும்பியே பார்க்கல."

கைதட்ட வேண்டாம். அவள் இங்கேதான் இருக்கிறாள். அவள்மீது எனக்கு வருத்தமில்லை. எனக்கிருப்பது களைப்பு. இந்தக் காலணிகளை இனி நான் கட்டப்போவதில்லை.

தங்கைகளே, அணிக்காக முதல் சுற்றைக் கொடுங்கள். அன்புக்காக இரண்டாவதையும் கொடுங்கள். கேட்டால் மூன்றாவதையும் கொடுங்கள். மணி அடித்த பிறகு வரும் சுற்றை மட்டும் எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள்! முதலாகவோ கடைசியாகவோ, அந்தக் கோட்டை உங்கள் காலாலேயே தொடுங்கள்!

அன்று பார்வையாளர் படிக்கட்டில் என் அம்மா இருந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நான் ஓடுவதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். பதினோரு முறையும் பாதியில் நின்றதை அப்போதுதான் சொன்னேன். என் காலருகே குனிந்து உட்கார்ந்தார். பிறகு, சோப்பில் வெளுத்த விரல்களால் என் காலணிக் கயிற்றை அவிழ்த்தபடி கேட்டார்:

"வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.