நான் மாட்டிய ரப்பர் அறுவதில்லை

ரப்பரை மாட்டும் முன் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவிக்கொள்ள வேண்டும் ஐயா. எண்ணெய் தடவுகிறவன் மெக்கானிக் இல்லை, சமையல்காரன். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போய்ச் சீக்கிரம் கிழிந்துவிடும். காரின் பின்பக்க சைலன்சர் முழுக்க இந்த ரப்பர் வளையங்களை நம்பித்தான் தொங்குகிறது. இறுக்கிக் கட்டினால் குழாய் விரிசல் விடும்; தளர விட்டால் ரோட்டைத் தேய்க்கும். ஆடவும் வேண்டும், அடங்கவும் வேண்டும்.

ரப்பர் அறுந்து, சைலன்சர் விலகி, புகை உள்ளே புகுந்து ஆள் செத்தான் என்று நீங்கள் எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் கடையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேன்.

செத்தவர் என் தங்கச்சியின் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை. நல்ல மனிதர்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போன வருஷம் ஒரு வேகத்தடை மேல் காரைப் பறக்கவிட்டு, நான் மாட்டிய சைலன்சரைப் பிய்த்துக்கொண்டார். வேகத்தடையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. கல்யாண வீடு, துக்க வீடு என்று ஒன்று விடாமல் ஒரே பாட்டுத்தான்.

"மச்சான்கிட்ட வண்டிய விட்டா பாதி வண்டிதான் வீட்டுக்கு வரும். மீதிய ரோட்ல பொறுக்கிக்கணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். தங்கச்சியும் சிரிப்பாள். நானும் பல்லைக் காட்டினேன். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்துக் கடைக்கு நழுவினார்கள். அந்தக் கடைக்காரன் ரப்பருக்குப் பதில் கம்பியைச் சுற்றிக் கட்டுகிறவன் ஐயா. அந்த அவமானத்தைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

போன வாரம் மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்து, "இந்தத் தடவையாவது ஒழுங்கா மாட்டுங்க மச்சான்" என்றார். ஒழுங்காகவே மாட்டினேன். எல்லாம் புது ரப்பர், உயர்ந்த ரகம். பிடித்து உலுக்கினேன், தொட்டில் மாதிரி ஆடித் தானாக நின்றது. பிறகு முன்பக்கக் குழாயில், வெளியே போக வேண்டிய புகையைக் காருக்குள் திருப்பி விட்டேன். அது வேறு வேலை. அதற்கும் ரப்பருக்கும் சம்பந்தம் இல்லை.

தங்கச்சியும் கூடப் போவாள் என்று தெரியும். யோசிக்காமல் இல்லை. பஸ்ஸில் போ என்றால் ஏன், எதற்கு என்று குடைவாள். வழியில் மழைக்குக் காரை ஓரங்கட்டியவர்கள், கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை அணைக்காமல் கண்ணயர்ந்திருக்கிறார்கள். தலை சுற்றுகிறதென்று அவள் கதவைத் திறந்து வெளியே விழுந்ததால் பிழைத்தாள். அது அவள் அதிர்ஷ்டம். என் ஏற்பாடு இல்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ வருத்தப்படாதண்ணா. உனக்கு வேலை சரியா வராதுன்னு தெரிஞ்சும் உங்கிட்டயே விட்டோம். எங்க தப்புதான். போலீஸ்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

என்னை மன்னிக்கிறாளாம். எதற்கு? நான் செய்யாத தப்புக்கு. எனக்கு வந்த கோபத்தில் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைக்கூடக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

கார் உங்கள் வாசலில்தான் நிற்கிறது. கொஞ்சம் தொந்தியை அடக்கிக்கொண்டு குனிந்து பாருங்கள். ரப்பர் ஒன்றில்கூடக் கீறல் இருக்காது. கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எழுதியதை முதலில் என் தங்கச்சிக்குப் படித்துக் காட்டுங்கள். அண்ணன் வேலையில் குறையில்லை என்று தெரிந்தால், பாவம், அவள் மனசு ஆறும்.