இன்னும் ஒரு கரண்டி

எனக்குச் சோறு அவ்வளவாகப் பிடிக்காது. நம் பகோலோட் நகரத்தில் இதை வெளியே சொன்னால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்பதால் நாற்பத்தாறு வயதுவரை சொல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டேன். வாக்குமூலம் என்று உட்கார்ந்த பிறகு சின்னதை மறைத்துப் பெரியதை மட்டும் சொல்வது முறையில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் கிறிசாந்தோ வில்லாருவேல். பல நாடுகளில் பொரித்த கோழி விற்கும் கம்பெனி ஒன்றுக்கு, பிலிப்பைன்ஸில் இந்தத் தீவின் வியாபார உத்தி முழுவதும் என் பொறுப்பு. உத்தி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எதிர்க் கடையில் கூட்டம் ஏன் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு நிற்காமல் செய்ய வேண்டும்.

எங்கள் எதிர்க் கடை பெர்பெத்துவா அம்மாளுடையது. ஊரே அவரை மனாங் என்றுதான் கூப்பிடும், அக்கா என்ற மரியாதையில். கனலில் சுட்ட கோழி, வாழையிலை, அளவில்லாத சோறு. கோழிக்கு மட்டும்தான் விலை. சோற்று வாளி, நீங்கள் போதும் என்று சொல்லும்வரை வந்துகொண்டே இருக்கும். எங்கள் கடையில் ஏசி உண்டு, பிள்ளைகளுக்குப் பொம்மை உண்டு, காரை விட்டு இறங்காமலே வாங்கிப் போக ஜன்னல் உண்டு. இத்தனையும் வைத்துக்கொண்டு ஈ ஓட்டினோம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் கண்ணாடி வழியே அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மா எப்படி இன்னும் திவாலாகல?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. விடை தேடி மூன்று வாரம் மனாங்கின் வாசலில் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடை, கூச்சம். உங்களுக்குத் தெரியாததில்லை. நம் ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் யாரைப் பார்த்தாலும் "வாங்க, சாப்பிடலாம்" என்பான். கூப்பிடப்பட்டவன் பசியில் கண் இருண்டாலும் "இப்பதான் சாப்பிட்டேன்" என்பான். அவன் கூப்பிட்டதும் பொய், இவன் சாப்பிட்டதும் பொய், மரியாதை மட்டும் இரண்டு பேருக்கும் மிச்சம். மனாங் கடை போட்டதே அந்த மரியாதையை நம்பித்தான். இரண்டாவது கரண்டியைத் தாராளமாகக் கேட்பார்கள். மூன்றாவதுக்கு அக்கம்பக்கம் பார்ப்பார்கள். நான்காவதுக்கு வாளி வருமுன்னே இலையை மடித்துவிடுவார்கள். ஆக, எனக்குத் தேவைப்பட்டது வெட்கப்படாத ஆட்கள்.

துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குகிறவர்கள், கரும்பாலை மூடியிருக்கும் மாதங்களில் வெறும் வயிற்றோடு சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு பெர்டிங் மேஸ்திரி. தினம் மதியம் முப்பது பேர் மனாங் கடையில் சாப்பிட வேண்டும், கோழிக்குக் காசு என் பொறுப்பு என்று அவரிடம் சொன்னேன். முதல் நாள் முடிந்து பெர்டிங் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சார், மூணுக்கு மேல கேக்க வாய் வரல. அந்த அக்கா மூஞ்சியப் பாத்தா வெக்கமா இருக்கு."

"மூட்டை தூக்க வெக்கப்படுவியா?"

"அது வேலை சார்."

"இதுவும் வேலைதான். எட்டுக் கரண்டிக்குக் குறைச்சு எந்திரிக்கிறவன் நாளைக்கு வர வேண்டாம்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தின்னுட்டு வந்து வேலைக்குப் போனேன்னு சொன்னா எங்க வீட்டுக்காரி வெளக்குமாத்தத் தூக்குவா சார்" என்றார். மறுநாளிலிருந்து ஆளுக்கு எட்டுக் கரண்டி தவறியதில்லை. பத்து கூட ஆகும். நம் ஆட்களுக்கு வேலை என்று சொல்லிவிட்டால் போதும், வஞ்சனை செய்யமாட்டார்கள்.

இதில் எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று எங்கள் வக்கீலிடமே கேட்டேன். அவர் யோசித்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். பசித்தவனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வேண்டுமானால் கேலி செய்யலாம். கேலிக்கு ஜெயில் கிடையாது.

ஏழாவது வாரம் நானே மனாங்கைப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். பரிமாறுகிறவர்களில் பாதிப் பேரைக் காணோம், அவரே வாளி தூக்கிக்கொண்டிருந்தார்.

"நாலு கரண்டியோட நிறுத்திக்குங்க மனாங். ஒரு போர்டு எழுதி மாட்டுனா முடிஞ்சுது."

"சோத்துக்கு எண்ணிக்கை வச்சா அப்புறம் எதுக்குத் தம்பி கடை? பசிச்சவன் தின்னுறான். உங்க கடைப் பக்கம் ஒருத்தனும் வரலையேன்னு உனக்கு வயித்தெரிச்சல், போய் மோர் குடி."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எச்சரிக்க வேண்டியது என் கடமை, எச்சரித்தாயிற்று. அன்று நன்றாகத் தூங்கினேன்.

என் மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்த காகிதத்தில், அவர் கடைக்கு எப்போது என்ன ஆகும் என்று முன்கூட்டியே வாரவாரியாக எழுதியிருக்கும். ஐந்தாவது வாரம் மட்டமான அரிசி. ஏழாவது வாரம் ஆள்குறைப்பு. ஒன்பதாவது வாரம் பழைய சோறு. பழைய சோறு பத்தாவது வாரம்தான் வந்தது. மனாங்கை ஒரு வாரம் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த வாரம் புதன்கிழமை அவர் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். மிஞ்சிய சோறு பெரிய பீப்பாய்களில் மூடி போட்டு வெக்கையில் இருந்தது. விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. நேற்றைய சோற்றைக் காலையில் பூண்டு போட்டு வறுத்துத் தின்னாத வீடு நம் தீவில் உண்டா? சோற்றைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்த பெண்மணி அவர். வீட்டில் ஒரு கிண்ணத்துக்குச் செய்வதைக் கடையில் ஐந்து பீப்பாய்க்குச் செய்தார். ஒரு கிண்ணம் சீக்கிரம் ஆறிவிடும், பீப்பாய் இரவு முழுக்க ஆறாது. எங்கள் கம்பெனியில் வடித்த சோறு நான்கு மணி நேரம் தாண்டினால் குப்பைக்குப் போகும். வெக்கையில் கிடந்த சோற்றில் ஊறிய விஷம் எவ்வளவு வறுத்தாலும் போகாது என்று புது ஆட்களுக்கு வகுப்பு எடுப்பவனே நான்தான்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு பெர்டிங் ஆட்களோடு உட்கார்ந்தார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"சார், வாங்க சாப்பிடலாம். இன்னிக்குப் பூண்டுச் சோறு, மணம் தூக்குது."

பூண்டுக்கு அடியில் வேறொரு மணமும் இருந்தது. பழகிய மூக்குக்குத்தான் தெரியும்.

"இப்பதான் சாப்பிட்டேன் பெர்டிங். நீ இன்னும் ஒரு கரண்டி வாங்கு."

வாங்கினார். ஒன்பதாவது என்று நினைக்கிறேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று என்னைப் பேசுகிறார்களாம். அந்தக் கடையில் நான் ஒருநாளும் உண்டதில்லை, அதைத் தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

மூன்று மணிக்குள் பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வாசலில் கேமராவுக்கு முன்னால் மனாங் தரையில் உட்கார்ந்து, "நானும் அதையேதான் தின்னேன், எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் தின்றது ஒரு பிடி. பெர்டிங் ஒன்பது கரண்டி. சனிக்கிழமை பெர்டிங் இறந்துபோனார். அடக்கத்தன்று எங்கள் கம்பெனி வைத்த மலர் வளையம்தான் அங்கே இருந்ததிலேயே பெரியது, பூக்களை நானே தேர்ந்தெடுத்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து, கடைசி இரண்டு மாதம் என் புருஷன் வயிறாரச் சாப்பிட்டார், உங்களால்தான் என்று அழுதாள். மனாங்கின் கடை சீல் வைக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது எங்கள் இரண்டாவது கிளை. அங்கே சோறு இரண்டு கரண்டி, அதற்கு மேல் கிடையாது. யாருக்கும் உடம்புக்கு ஆகாமல் போகக்கூடாது பாருங்கள்.

கடைசியாக அந்த டிவி நிருபரைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். மனாங் கடையில் சாப்பிட்டவர்களை மதியத்துக்கு மேல் தூக்கி வருவார்கள், கேமராவோடு ஆஸ்பத்திரி வாசலில் நில்லுங்கள் என்றேன். எத்தனை மணிக்கு என்பது உங்கள் கையில் இருக்கும் போன் பட்டியலிலேயே இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை ஐயா. பத்தரை மணிக்கு பெர்டிங்குக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை, நல்ல பசியோடு இருந்தார்.