முனியாண்டிக்கு ஒரு போத்தல்

— வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க.

— ஆ.

— இன்னும் நல்லா. விடியக்காலமே வெத்தலயா?

— பல்லு வலி. கலா, கிளினிக் டொக்டர்கூட இவ்வளவு உள்ள எட்டிப் பாக்கல.

— அவங்க ஒங்களோட குடும்பம் நடத்தல. கன்னத்துல ஒதுங்கியிருக்கே, அது என்ன?

— பல்லு.

— வட்டமா, வெள்ளையாவா? துப்புங்க எங்கையில.

— சரி. இந்தா.

— கரையக்கூட இல்ல. நேத்து ஜன்னலுக்கு வெளியில கோழி ஒன்னு மாத்திரையக் கொத்திக்கிட்டு நின்னப்பவே நெனச்சேன். எத்தன நாளா நடக்குது?

— ஒரு வாரம் இருக்கும். அந்தக் கோழி நேரத்துக்கு வந்துரும். இந்த வீட்டுல மருந்த ஒழுங்கா எடுக்குறது அது ஒன்னுதான்.

— சிரிப்பு வரல எனக்கு. ரப்பர் பால் வெட்டப் போற அவசரத்துல, நான் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காம, ஒங்களுக்கு மாத்திரையும் தண்ணியுமா நிக்கிறேன். கரவனெல்லை கிளினிக்குக்கு ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போற அன்னைக்கெல்லாம் எனக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல. எதுக்கு? கோழி குடியை விடவா?

— குடும்பம் ஆதரவா இருக்கணும்னு டொக்டர் சொன்னாங்க. நீ லயத்துச் சனம் பூராவையும் ஆதரவுக்குச் சேத்துட்ட. பீலித் தண்ணியில குளிக்கப் போனா, ‘இந்திரகுமாரண்ணே, முழுங்கியாச்சா?’ பால் நிறுக்குற சிங்கள மாத்தியா கூட ‘பெஹெத் பிவ்வத?’, மருந்து குடிச்சியான்னு கேக்குறாரு. மருந்து குடிச்சத அவர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வாளியத் தராசுல வைக்கணும்.

— கேக்கட்டும். மறுபடி குடிச்சா மகளக் கூட்டிக்கிட்டு எஹலியகொடைக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. நீ துணி அடுக்கி வச்ச பேக்கு கதவுக்குப் பின்னாலதான தொங்குது. ஒவ்வொரு தடவ கதவச் சாத்தும்போதும் அது தலைய ஆட்டுது.

— அப்புறம் ஏன் முழுங்கல?

— ஒன்னோட நேத்திக்கடன்தான் காரணம்.

— நீங்க குடிய விடணும்னுதானே முனியாண்டிக்கு நேந்துகிட்டேன்.

— என்ன நேந்த?

— ஒரு போத்தல் சாராயம். ஒரு கட்டு சுருட்டு.

— குடிகாரன் குடிய விட்டதுக்கு நன்றியா சாமிக்குச் சாராயம். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கிட்டுப் போவோம்.

— சாமியப் பேசாதீங்க. எல்லாரும் வழக்கமா வைக்கிறதுதானே.

— சரி, வழக்கத்தையே பேசுவோம். அடுத்த வார வெள்ளிக்கிழமை பூசை. படைச்சு முடிஞ்சதும் பூசாரி மொத மூடிய யார் வாயில ஊத்துவாரு?

— நேந்துகிட்ட வீட்டு ஆம்பளைக்கு.

— அந்த ஆம்பள யாரு?

— ஐயோ.

— மாத்திரை ஒடம்புல இருக்கும்போது கொஞ்சம் சாராயம் பட்டாலும் மூச்சு முட்டும், நெஞ்சடைக்கும்னு டொக்டர் சொன்னாங்கள்ல? மாத்திரைய நிறுத்துனாலும் ரெண்டு வாரத்துக்கு அந்தப் பயம் இருக்குதாம். அதான் நேரத்தோட நிறுத்துனேன். பிரசாதத்துல செத்தான்னு பேர் வாங்க ஆச இல்ல.

— எங்கிட்ட வாய் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?

— ஒன் நேத்தியக் கெடுத்தேன்னு ஆயிருமே. அப்புறம் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் எந்தலையிலதான் விடியும்.

— எந்தப் புத்தியில நேந்தேனோ. தப்பு எம்மேலதாங்க. இன்னைக்கே பூசாரிகிட்டச் சொல்றேன். போத்தல் வேணாம், எளநி படைக்கலாம்.

— முனியாண்டி கோவிச்சுக்குவாரு.

— கோவிச்சா எங்கிட்ட வரட்டும். நான் பாக்காத கோவமா. நில்லுங்க, நான் படைக்க வாங்கி வச்ச போத்தல எடுத்தாறேன்.

— இப்ப எதுக்கு அது?

— இந்தா, அரிசி டின்னுக்குப் பின்னால வச்சது வச்சபடியே இருக்கு. சீல்கூட ஒடையல. ஒரு வாரமா மாத்திரை இல்ல, கைக்கெட்டுற தூரத்துல போத்தல். நீங்க தொடல.

— ம்.

— நான்தான் ஒங்கள நம்பாம வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அந்தப் பேக்கையும் இன்னைக்கே கழட்டி, துணியெல்லாம் அலுமாரியில வச்சிடுறேன்.

— கலா, பேக்கு இருக்கட்டும்.

— இல்லங்க, அதப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு. இந்தாங்க, வேற மாத்திரை. இதுலருந்து புதுசாத் தொடங்குவோம்.

— நாளைக்கு முழுங்குறேன்.

— இன்னைக்கே. நான் வாயப் பாக்க மாட்டேன், திரும்பிக்கிறேன்.

— இன்னைக்கு முழுங்கக் கூடாது.

— ஏன் கூடாது?

— நெஞ்சடைக்கும்.

— வெறும் மாத்திரைக்கு எப்படி அடைக்கும்? சாராயம் உள்ள இருந்தாத்தானே அடைக்கும்?

— ஆமா.

— அது எங்க உள்ள இருக்கு? இந்தா எங்கையில இருக்கே, சீலோட.

— அத நான் நேத்துப் பின்னேரந்தான் யட்டியாந்தோட்டையில வாங்கிட்டு வந்து வச்சேன்.