ஒரு வேளையும் தவறவில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் வசிப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. காலையில் கோட்டைப் பக்கம் போகும் பஸ்கள் பிதுங்கி வழியும்; நான் போகும் தெற்குத் திசையில் எப்போதும் இருக்கை கிடைக்கும். ஆகவே பொலிஸ் பயிற்சி முகாமின் மருத்துவ அறையை ஏழு மணிக்குத் திறப்பதற்கு, ஒன்பது ஆண்டுகளில் நான் ஒருநாளும் பிந்தியதில்லை. வாக்குமூலத்தில் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

காசநோய்க் குளிசையை நோயாளியின் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. அவன் என் முன்னால் விழுங்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதன் பிறகே அட்டையில் அடையாளமிடுவேன். ஒருநாள் விழுங்கி மறுநாள் துப்புகிறவர்களிடம்தான் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகிறது. முகாமில் இந்த ஒழுங்கை ஏற்படுத்திய வைத்தியன் நான். அப்படிப்பட்ட கிருமி அங்கே ஒருவரிடமும் இல்லை என்று ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பினேன். மற்ற முகாம்களிலும் என் முறையைக் கொண்டுவரலாமா என்று மேலிடம் ஆலோசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் நப்ரீஸ் வந்தான்.

தெமட்டகொடைப் பிள்ளை, பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. வளர்த்தவள், அவன் ராத்தா என்று அழைக்கும் அக்கா நப்லா. நோய் தெரிந்ததும் இரண்டு வாரம் தனியறையில் வைத்து மருந்து கொடுத்தேன். பிறகு வழமைப்படி, வேறு முப்பத்தெட்டுப் பேர் உறங்கும் மண்டபத்துக்கே திருப்பி அனுப்பினேன். காலைதோறும் வருவான்.

“டொக்டர், ஒண்ணுக்குப் போனா ஒரேஞ் சோடா மாதிரி ஈக்கிது. போத்தல்ல அடச்சி விக்கலாம் போல.”

“அது மருந்தின்ர நிறம், தம்பி. நாக்கைத் தூக்கும்.”

“நாக்க விடுங்க. பாசிங் அவுட் பரேட்டுக்கு நான் நிப்பேனா? ராத்தா இப்பவே புது அபாயா தெச்சிட்டா.”

“ஒரு நாளும் விடாமல் குளிசையை எடுத்தால் நிப்பீர்.”

அவன் விடவில்லை.

மூன்றாம் மாதத்தில் ஆய்வுகூடத்திலிருந்து கடிதம் வந்தது. நான் கொடுத்துவந்த மருந்துகளில் முதன்மையான இரண்டும் அவனுடைய கிருமியை ஒன்றும் செய்யா. தொற்றியபோதே அது அத்தகையதாக இருந்திருக்க வேண்டும். என் ஒழுங்கில் பிழையில்லை.

கடிதத்தின்படி நடந்திருந்தால் அவனைச் சிறப்பு வைத்தியசாலைக்கு மாற்றி, மண்டபத்தை மூடி, அத்தனை பேரையும் சோதித்திருக்க வேண்டும். பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு ஐந்து வாரமே இருந்தது. ஒரு காகிதத்துக்காக இத்தனை இளைஞர்களை நிறுத்திவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கடிதத்தைக் கிழித்தேன். பதிவேட்டில் அப்படிப்பட்ட கிருமி இல்லை என்று எழுதினேன். ஆய்வுகூடத்தார் தொலைபேசியில் விசாரித்தபோது, நோயாளியை மாற்றிவிட்டதாகச் சொன்னேன். மறுநாள் ஏழு மணிக்கு நப்ரீஸ் வந்தான். அதே குளிசைகளைக் கொடுத்தேன்.

அணிவகுப்பில் மூன்றாம் வரிசையில் நடந்தான். சீருடை தோளிலிருந்து வழிந்து தொங்கியது. முடிந்ததும் நப்லா என்னிடம் வந்து கண்ணைத் துடைத்தாள்.

“ஒங்களாலதான் டொக்டர் இவன் மனிசனானான்.”

நான் மறுக்கவில்லை.

இருமல் கூடியபோது விடுப்பு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். நாக்கின் அடியில் பார்க்கும் முறையை நப்லாவுக்குக் கற்றுக்கொடுத்தேன், விரைவில் பழகிக்கொண்டாள். வீட்டுக்குப் போன பதினோராவது வாரத்தில் அவன் இறந்தான். அன்று காலைக் குளிசையையும் விழுங்கியிருந்தான்.

அவனோடு மண்டபத்தில் உறங்கிய மற்றவர்கள் இப்போது தீவெங்கும் பணியிலிருக்கிறார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு அதே நோய் கண்டிருப்பதாக நேற்று நீங்கள் சொன்னீர்கள். வருந்துகிறேன். ஆனால் என் முகாமில் இருந்தவரை அவர்களில் ஒருவரும் இருமவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

கடிதத்தைக் கிழித்தவன் நான். பயன்படாது என்று தெரிந்தே குளிசையைக் கொடுத்தவனும் நான். அவனைக் கொன்றேன் என்று எழுதினாலும் கையொப்பமிடுவேன். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. சென்ற மாதம் நப்லாவுக்கு இருமல் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வீண் கேள்விகள் கேட்பார்கள் என்று சொல்லி, பாமன்கடையில் உள்ள என் டிஸ்பென்சரிக்கே வரச்சொன்னேன். தம்பிக்குக் கொடுத்த அதே குளிசைகள்தான். இருபத்திரண்டு நாட்களாக ஒழுங்காக வருகிறாள். நாளை விடிந்ததும் கதவடியில் வந்து நிற்பாள். என்னை இங்கே வைத்திருந்தால், அவள் விழுங்கிவிட்டாளா என்று யார் பார்ப்பது?