ஹெப்பகோடி காபி

வேதா: கண்ண மூடுடீ.

தாயி: மாட்டேன் போ. அடுகோடி தர்ஷினி ஓட்டல்ல ஞாயித்துக்கெழமை காலையில ரெண்டு பொம்பளைங்க நின்னுக்கிட்டு, கண்ண மூடிச் சாப்பிட்டா பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க?

வேதா: ஒரு வருஷமா நினைச்சுக்கிட்டுதான இருக்காங்க. சிவாஜி நகர்ல மூடினே. மல்லேஸ்வரத்துல மூடினே. அந்த மிலிட்டரி ஓட்டல்ல கண்ண மூடிக்கிட்டே, பிரியாணியில புதினா நேத்து வாங்கினதுன்னு சொன்னே பாரு... சமையல்காரரே வெளிய வந்து எட்டிப் பாத்தாரு.

தாயி: அப்போ வயசு கம்மி.

வேதா: ஆறு மாசத்துக்கு முன்னாடிடீ!

தாயி: சரி சரி. நீ மூடு. சட்னி உன்னுது.

வேதா: ரெண்டு மாசமா எல்லாமே என்னுதுதான். முதல் வாய் கண்ண மூடித்தான் சாப்பிடணும், உள்ள இன்னா இருக்குன்னு சொல்லணும்... இந்தச் சட்டம் போட்டதே சின்னத்தாயிம்மா. இப்போ சின்னத்தாயிம்மாவுக்கு மட்டும் லீவு.

தாயி: நம்ம டிபன் வண்டி போட்டப்புறம் நான் தோசைக் கல்லுகிட்ட நிக்கறப்ப சட்னிய யாரு பாப்பா? அதுக்குத்தான் உன்ன பழக்கறேன். சாப்பிடு, தோசை ஆறுது.

வேதா: ம்... பச்ச மிளகா. பொட்டுக்கடல. கொத்தமல்லி, தண்டோட போட்டிருக்காங்க. அப்புறம்... அடியில ஏதோ ஒண்ணு இருக்கு. பூண்டு?

தாயி: என்ன கேக்காத. முதல்லயே வருதா, முழுங்கினப்புறம் வருதா?

வேதா: முழுங்கினப்புறம்.

தாயி: தொண்டையில நிக்குதா, மூக்குக்கு ஏறுதா?

வேதா: இரு... மூக்குக்கு.

தாயி: அப்போ பூண்டு இல்ல.

வேதா: பெருங்காயம்! தாளிப்புல போடல... அரைக்கும்போதே சேத்திருக்காங்க!

தாயி: பாத்தியா. தேறிட்டே.

வேதா: நீ ஒரு வாய் தொட்டுப் பாரேன்.

தாயி: தொட்டேன், தொட்டேன். உப்பு சரியா இருக்கு.

வேதா: உப்பு சரியா இருக்குன்னு என் மாமியார் கூடச் சொல்லும். கேசரி பாத் எடு. இன்னா சொல்லுது?

தாயி: ஏலக்கா போட்டிருக்கான். ரெண்டு கறுப்பு விதை தெரியுது பாரு.

வேதா: பாத்துச் சொல்றியா, தின்னுட்டுச் சொல்றியா?

தாயி: ரெண்டும்தான். இன்னாடீ போலீஸ்காரி மாதிரி...

வேதா: கோச்சுக்காதடீ. கோவிந்தண்ணா! ஒரு காபி, பை-டூ!

கோவிந்தன்: ஆய்த்தம்மா! ரெண்டு நிமிஷம்!

தாயி: இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துல எனக்குப் பிடிச்ச முதல் விஷயம் இதான். ஒரு காபிய ரெண்டு கிளாஸ்ல ஊத்திக் குடுன்னு கேட்டா, யாரும் ஏற எறங்கப் பாக்கறது இல்ல.

வேதா: நம்ம வண்டியிலயும் பை-டூ உண்டு. போர்டுலயே எழுதிரலாம். அடுத்த மாசம் ஒரு திங்கக்கெழமை, பொம்மசந்திரா கம்பெனி கேட்டு, காலையில ஆறு மணி... நாளைக்கு வேலைய விடற லெட்டர கம்பெனி ஆபீஸ்ல மமதா மேடம் கையில குடுத்துட்டா முடிஞ்சுது.

தாயி: வேதா...

வேதா: ம்?

தாயி: நாளைக்கே குடுக்கணுமா?

வேதா: பின்ன?

தாயி: மழை பேயுது தினமும். கொஞ்ச நாள் போவட்டுமே.

வேதா: மழையிலதான் ஜனம் சூடாக் கேக்கும்.

தாயி: வண்டிக்கு அடிச்ச பெயின்ட் இன்னும் காயல.

வேதா: நேத்து அரை மணி நேரம் சாஞ்சுகிட்டு நின்னேன். புடவையில ஒரு பொட்டு ஒட்டல.

தாயி: வாட்ச்மேன் இடம் விடலன்னா?

வேதா: அசோகண்ணனா? முதல் இட்லி எனக்குத்தான்னு துண்டு போட்டு வெச்சிருக்காரு. வேற?

தாயி: உனக்குப் பதினோரு வருஷ பர்மனன்ட் வேலைடீ. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வாசல்ல வந்து நிக்கற கம்பெனி பஸ்ஸு. நான் கேன்டீன்ல வெங்காயம் உரிக்கற கான்ட்ராக்டுக்காரி, எனக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்ல. உன் பொண்ணு சுப்ரியா இப்பதான் செகண்ட் பி.யூ., பன்னெண்டாங்கிளாஸ் படிக்குது. உங்க வீட்ல ஒத்த சம்பளம்.

வேதா: மாத்திரை அட்ட அடுக்கினது போதும்டீ, வெளிய வான்னு கூப்பிட்டது யாரு?

தாயி: நான்தான்.

வேதா: உன் நாக்க நம்பி வரேன்னு சொன்னது யாரு?

தாயி: அதான் சொல்றேன்... அத நம்பாத.

வேதா: ஏன்?

கோவிந்தன்: பை-டூ ரெடிம்மா! நம்ம காபி எப்படின்னு சொல்லுங்க. போன தடவ சிக்கரி ஜாஸ்தின்னு இவங்க திட்டினாங்கல்ல? அப்புறம் ஓனர்கிட்ட சண்ட போட்டு பவுடரயே மாத்திட்டேன்.

தாயி: நல்லா இருக்குண்ணா.

கோவிந்தன்: அஷ்டேனா? அவ்ளோதானா? முன்னாடியெல்லாம் ஒரு வாய் குடிச்சா பத்து நிமிஷம் பேசுவீங்களே.

தாயி: நல்லா... ரொம்ப நல்லா இருக்கு.

கோவிந்தன்: சரிம்மா. உங்க வாயால கேட்டாப் போதும் எனக்கு.

வேதா: பாவம், மனுஷன் மூஞ்சி விழுந்து போச்சு. போன மாசம் ஹெப்பகோடியில குடிச்சோமே ஒரு காபி, அதுக்கு முன்னாடி இது நிக்குமா?

தாயி: எங்க நிக்கும்! அது வேற லெவல்டீ. டிகாஷன் கெட்டியா... இந்த வருஷம் குடிச்சதுலயே அதான் முதல்.

வேதா: அதான் முதலா?

தாயி: பின்ன? அன்னிக்கே சொன்னேனே.

வேதா: சொன்னே, சொன்னே.

தாயி: ஏன்டீ அப்படிப் பாக்கறே?

வேதா: நான் எங்க பாத்தேன்? குடி. ஆறிடும்.

தாயி: இந்தா, இதையும் நீயே குடி. எனக்கு வாசனை தெரியல வேதா. சளி இல்ல. ஆடி மாசம் ஒரு காய்ச்சல் வந்துச்சே, அது போவும்போது வாசனையையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. உப்பு தெரியுது. காரம், புளிப்பு, இனிப்பு... தெரியுது. அதோட சரி. நெய்யி, பெருங்காயம், கொத்தமல்லி ஒண்ணும் கிடையாது. வாயில சூடா ஏதோ இருக்கு, மெத்துன்னு ஏதோ இருக்கு... அவ்ளோதான்.

வேதா: டாக்டர்?

தாயி: ரெண்டு பேர்கிட்ட போனேன். திரும்பி வரலாம், வராமலும் போவலாம்னாங்க. போன வாரம் வீட்ல பால் தீஞ்சு, பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கதவத் தட்டறா. நான் அடுப்புக்கு நேரா முதுகக் காட்டிக்கிட்டு கீரை ஆயறேன்டீ! அவ சொல்லித்தான் திரும்பிப் பாக்கறேன்.

வேதா: அழாதடீ. எல்லாரும் பாக்கறாங்க.

தாயி: மிளகா நெடின்னு நினைச்சுப்பாங்க, விடு.

வேதா: இத்தன நாள் ஏன்டீ சொல்லல?

தாயி: இன்னிக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு இருந்தேன். அப்புறம்... சொன்னா இந்த ஞாயித்துக்கெழமை நின்னு போயிருமே. வாரம் பூரா அந்தக் கேன்டீன்ல நான் வேற எதுக்கு உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்? நீ கண்ண மூடிக்கிட்டு மெல்லும்போது உன் மூஞ்சி ஒரு மாதிரி மலரும். அதப் பாத்தா எனக்குப் பாதி ருசி வந்துரும்.

வேதா: லூசு.

தாயி: லூசுதான். ஏமாத்துக்காரியும்தான். இனிமே முடியாது. உன் குடும்பத்த இழுத்துக் கொண்டாந்து நடுரோட்டுல விட்டுட்டு நான் எப்படித் தூங்குவேன்? பைய இப்படிக் குடு.

வேதா: எதுக்கு?

தாயி: லெட்டரக் கிழிக்கணும்.

வேதா: முதல்ல நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. சட்னியில பெருங்காயம்னு சொன்னது யாரு?

தாயி: நீ.

வேதா: பூண்டு இல்லன்னு சொன்னது?

தாயி: நான்தான். அதுக்கென்ன இப்போ?

வேதா: வாசம் தெரியாமலே எப்படிச் சொன்னே?

தாயி: நீ மூக்குக்கு ஏறுதுன்னே. பூண்டு தொண்டையிலயே குந்திக்கும். இதுக்கு மூக்கு எதுக்கு?

வேதா: அதான். போன வாரம் பிஸி பேளே பாத்துல பட்டை ஜாஸ்தியா, கிராம்பு ஜாஸ்தியான்னு எனக்குத் தெரியல. நீ நாலு கேள்வி கேட்டே, தெரிஞ்சு போச்சு. உன்கூட வராம நான் தனியாத் தின்னா எனக்கு எல்லாமே வெறும் குழம்பு, வெறும் சட்னிதான். மூக்கு என்னுது, மண்டை உன்னுது. இதுலயும் பை-டூ போட்டுக்குவோம்.

தாயி: பேச நல்லாத்தான் இருக்கு. ஆறு மணிக்கு கம்பெனி ஷிஃப்ட் வந்து வரிசையில நிக்கும்போது கேள்வி பதில் நடத்த முடியுமா? சிரிக்காத வேதா. பைய குடு.

வேதா: இந்தா, நல்லாத் தேடு.

தாயி: ...குடை. டிபன் பாக்ஸு. சுப்ரியாவோட ஹால் டிக்கெட்டு. எங்கடீ லெட்டர்?

வேதா: இல்ல.

தாயி: வீட்லயா?

வேதா: கம்பெனியில.

தாயி: கம்பெனியிலயா? ...குடுத்துட்டியா?

வேதா: குடுத்துட்டேன். ஒரு மாசம் நோட்டீஸும் முடிஞ்சு போச்சு. முந்தாநேத்து வெள்ளிக்கெழமை கேக் வெட்டி, சால்வ போட்டு அனுப்பிட்டாங்க. கேன்டீன் பக்கம் மூச்சு விடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்.

தாயி: அடிப்பாவி! அப்போ நாளைக்குக் குடுக்கணும், நாளைக்குக் குடுக்கணும்னு காலையிலேர்ந்து...

வேதா: நீயா வாயத் தொறப்பேன்னுதான். குடுத்துட்டேன்னு அப்பவே சொல்லிருந்தா நீ வண்டிய வித்துட்டு ஊரயே விட்டு ஓடிருப்பே.

தாயி: ஐயோ வேதா... என் நாக்கு செத்துப் போனது தெரியாம, அதையே நம்பிக் குடுத்துட்டியேடீ! ஒரு வார்த்த நான் முன்னாடியே சொல்லிருக்கணும். எப்போ குடுத்தே? சொல்லு, எந்த நாள்?

வேதா: ஹெப்பகோடியில நான் டோக்கன மாத்தி எடுத்துட்டேன் தாயி. இந்த வருஷத்துக்கே முதல் காபின்னு நீ சொன்னியே, அது காபியே இல்ல, கெட்டி டீ. அதுக்கு மறுநாள் திங்கக்கெழமை, ஷிஃப்டுக்குப் போனதும் முதல் வேலையா குடுத்தேன்.