பின்கால் ஆடினவன்

இரவு எட்டே முக்கால். பர்மாவின் தெற்கே, மழைக்காட்டுக்கு நடுவில், ஆற்றை ஒட்டிப் போகிற செம்மண் சாலை. விளக்கு இல்லை. ஆள் இல்லை. படகுத்துறையிலிருந்து ஊருக்கு ஒன்றரை மைல்... ஒற்றை ஆளாக நடந்து வந்துகொண்டிருக்கிறார் முரளிதரன்.

நம் ராதாவின் சித்தப்பாதான். ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில், இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ராதா இன்றைக்குக் கதை கேட்க வரவில்லை. அதனால்தான் தைரியமாகச் சொல்ல முடிகிறது. கரண்ட் ஒரு மணிக்குத்தான் வரும். அதற்குள் முடித்துவிடலாம். கதவோரம் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். ஒன்றுமில்லை... சும்மா.

அவர் அந்த ஊருக்குப் போனது, வெளியே சொன்னபடி, திருவிழா பார்க்க. ஐப்பசிப் பௌர்ணமிக்கு அங்கே யானை ஆட்டம் பிரசித்தம். மூங்கில், துணி, காகிதம் வைத்துப் பெரிய யானை கட்டுவார்கள். உள்ளே இரண்டு பேர். முன்கால் ஆளுக்குத் தும்பிக்கைக்குக் கீழே ஓர் ஓட்டை வழியாகக் கொஞ்சம் வெளியே தெரியும். பின்கால் ஆளுக்கு எதுவும் தெரியாது. முன்னால் இருப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையில் ஆட வேண்டியதுதான். மேல்துறைக்கு ஒரு யானை, கீழ்த்துறைக்கு ஒரு யானை. போட்டி உண்டு. நடுவர் மேல்துறைக்காரர் என்பதால் முடிவும் உண்டு.

நிஜக் காரணம் வேறு. மனைவி புஷ்பலதாவின் தம்பி பொன்னுத்துரை. பெயர் தாத்தாவுடையது, வயது இருபத்து மூன்று. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற குலுக்கலில் அவன் பெயர் விழுந்துவிட்டது. பையன் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே குலுக்கல். இரண்டு மாதமாக அக்கா வீட்டுச் சமையலறைப் பரணில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் படுத்திருக்கிறான். இருமல் வந்தால் துண்டைக் கடித்துக்கொள்வான். அந்த ஆற்றூரில் முரளிதரனுக்குப் பழைய பர்மியச் சிநேகிதர் ஒருவர், ஊ தின் வின், ரப்பர் தோட்டக்காரர். பையனை அங்கே ஒளித்துவைக்க முடியுமா என்று கேட்கத்தான் போனார். போனில் கேட்கிற விஷயமா இது?

ஊ தின் வின் முழுவதையும் கேட்டுவிட்டு, திருவிழாக் கூட்டத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார்.

“பாருங்க முரளி. இதுல ஒரு வயசுப் பையன் இருக்கானா? ஓடினது பாதி, புடிச்சிட்டுப் போனது பாதி. இங்க புதுசா ஒருத்தன் வந்து நின்னா அரை மணியில தெரிஞ்சிடும்.”

அவ்வளவுதான் பதில். வீட்டுக்குப் போய்ப் புஷ்பலதாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று முரளிதரன் நின்றுகொண்டிருக்க, சிநேகிதர் அவர் தோளைத் தொட்டார்.

“அது கிடக்கட்டும். எங்க கீழ்த்துறை யானைக்கு முன்கால் ஆள் இல்ல. நீங்க வாங்க.”

“எனக்கு ஆடத் தெரியாதே.”

“நடக்கத் தெரியும்ல?”

“பின்னாடி யாரு?”

“ஆள் வரும்.”

நாற்பத்தாறு வயது, நல்ல தொந்தி. அவரை உள்ளே நுழைத்துத் தலையை மாட்டிவிட்டார்கள். பசை வாசனை. விலாவில் மூங்கில் சிராய். மேளம் ஆரம்பித்தது. டும்... டும்... டக்.

அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் அவர் இடுப்பைப் பிடித்தன.

சில்லென்று. சட்டை நனைந்தது. கூடவே ஒரு வாடை... ஆற்றின் அடியில் கிடக்குமே, சேறும் அழுகின இலையும்... அது. வியர்வையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஐஸ் மாதிரி யாருக்கு வியர்க்கும் என்று யோசிக்க அவகாசம் இல்லை.

ஆடினார் என்று சொல்ல முடியாது. ஆட்டிவைக்கப்பட்டார். அந்தக் கைகள் திருப்புகிற பக்கம் கால் தானாகப் போனது. யானை மண்டியிட்டது, சுழன்றது, ஆற்றைப் பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கியது. பின்னால் சளக்... சளக்... என்று காலடி. மேல்துறை நடுவரே எழுந்து நின்று கை தட்டினார் என்றால் பாருங்கள்.

மேளம் நின்றது. கைகள் மட்டும் இடுப்பை விடவில்லை. உள்ளே திரும்பிப் பார்க்க இடமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே முரளிதரன் மரியாதைக்கு நாலு வார்த்தை சொன்னார்.

“பிரமாதமா ஆடினீங்க. ரங்கூன் பக்கம் வந்தா நம்ம வீட்டுக்கு வாங்க. பசுந்தாங், அஞ்சாவது மாடி. எத்தனை நாள் வேணும்னாலும் தங்கலாம். உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க.”

நம் ஆட்கள் விருந்துக்குக் கூப்பிடுகிற அழகு தெரியாததா? எவனும் வரமாட்டான் என்ற தைரியத்தில்தான் முகவரியே கொடுப்போம்.

கைகள் விலகின.

வெளியே வந்து பின்பக்கத் துணியைத் தூக்கிப் பார்த்தார். யாரும் இல்லை. ஊ தின் வின் ஓடி வந்தார்.

“மன்னிச்சுக்குங்க. பின்கால் ஆள் கடைசி நேரத்துல வரல. தனியாவே எப்படிச் சமாளிச்சீங்க?”

முரளிதரன் இடுப்பைக் காட்டினார். வெள்ளைச் சட்டையில் இரண்டு பக்கமும் சேற்றுக் கை. பத்து விரலும் பதிந்திருந்தது.

ஊ தின் வின் ஆற்றின் பக்கம் திரும்பினார்.

“இங்க பின்கால் இப்படி ஆடத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். போன வருஷம் பட்டாளத்துக்குப் பேரு வந்துச்சு. ஆத்தைத் தாண்டி ஓடினான். பாதி ஆறுதான் தாண்டினான்.” குரல் தாழ்ந்தது. “அவன்கிட்ட ஏதாச்சும் பேசினீங்களா?”

“சும்மா... ஒரு மரியாதைக்கு.”

அதற்குப் பிறகு ஊ தின் வின் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

ரங்கூன் திரும்பி மூன்றாம் நாள். இரவு பதினொன்றரை. கரண்ட் இல்லை. கதவில் தட்டு. வார்டு ஆபீஸ்... வீட்டில் இரவு தங்குகிற விருந்தாளிகளின் பட்டியல் சோதனை. பொன்னுத்துரை பரணில் துண்டைக் கடித்துக்கொண்டான். முரளிதரன் கதவைத் திறந்தார். கிளார்க், கையில் நோட்டு. பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர்.

“வீட்ல எத்தனை பேரு?”

“ரெண்டு பேருதான். நானும் சம்சாரமும்.”

டார்ச் வெளிச்சம் அவர் தோளைத் தாண்டிப் போய் நின்றது.

“அப்ப உன் பின்னாடி நிக்கிறது யாரு?”

பையன் இறங்கிவிட்டான் என்றுதான் முரளிதரன் நினைத்தார். திரும்பப் போனார்... முடியவில்லை. இடுப்பில் இரண்டு கைகள். அதே சில்லிப்பு.

“விருந்தாளியா? பேரு என்ன?”

அவர் வாய் திறப்பதற்குள் காதுக்குப் பக்கத்தில், பொன்னுத்துரையின் குரலில், பதில் வந்தது.

“பொன்னுத்துரை.”

கிளார்க் நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. இரண்டு மாதமாகத் தேடுகிற ஆள் தானாகப் பெயர் சொல்லி நின்றால் யாருக்குத்தான் மலராது? துப்பாக்கிக்காரர்கள் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு இறங்கினார்கள். அந்த இடத்தில் முரளிதரன் கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை. படியில் சத்தம் மட்டும்... பூட்ஸ், பூட்ஸ், சளக்.

பரணிலிருந்து பொன்னுத்துரை எட்டிப் பார்த்தான். வாயிலிருந்து துண்டை எடுத்தான்.

“அத்தான்... நான் பேசல.”

மறுநாள் பட்டியலில் அவன் பெயருக்கு நேராக ‘சேர்ந்துவிட்டார்’ என்று குறி போட்டாகிவிட்டது. இனி அவனைத் தேட ஆள் இல்லை. ஆனால் முகாமில் இருக்கிறவன் வீட்டில் கண்ணில் படக் கூடாதே, பரண்வாசம் மட்டும் தொடர்ந்தது. புஷ்பலதா கோயிலில் தேங்காய் உடைத்தாள். யார் பெயருக்கு அர்ச்சனை என்று ஐயர் கேட்டபோதுதான் விழித்தாள்.

மூன்று மாதம் கழித்துப் பயிற்சி முகாமிலிருந்து ஒரு சார்ஜென்ட் போன் செய்தார்.

“தங்கமான பையன்ங்க உங்க மச்சான். சோறு கேக்கறதில்ல. தூங்கறதில்ல. எதிர்த்து ஒரு வார்த்தை இல்ல. இப்படி நூறு பேர் இருந்தா போதும். பத்து நாள் லீவு கொடுத்திருக்கு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றான்.”

“வர வேண்டாம்” என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் தாழ்ப்பாள் போட்டு, பீரோவைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, மெழுகுவர்த்தியோடு கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். பொன்னுத்துரை பரணில். “ராத்திரி முழுக்க மூச்சு விடாதடா” என்றாள் அக்கா.

இரண்டரை மணிக்குப் படியில் சத்தம். சளக்... சளக்... மூன்றாம் மாடி. நான்காம் மாடி. கதவுக்கு வெளியே நின்றது. தட்டவில்லை. மெழுகுவர்த்தி அணைந்தது... அல்லது அணைந்த மாதிரி இருந்தது; இருவருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. பிறகு காலடி இறங்கிப் போயிற்று. தப், தப், தப். வெறுங்கால். அவசரமாக, யாரோ இழுத்துப் போகிற மாதிரி.

விடிந்து பார்த்தால் தாழ்ப்பாள் போட்டபடி. பீரோ வைத்தபடி. பரணில் பொன்னுத்துரை கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான்.

“பயந்தியாடா?” என்றாள் புஷ்பலதா.

“இல்லக்கா. யாரும் வரல.”

அவள் அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மதியம், மாதக்கணக்குக்குப் பிறகு, அவனைக் கீழே இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து முகாமிலிருந்து மறுபடி போன். அதே சார்ஜென்ட். குரலில் எரிச்சல்.

“லீவுல பையனை என்ன பண்ணீங்க? அணிவகுப்புல கால் மாத்தி வைக்கிறான். ரெண்டு ஆள் சோறு தின்னறான். ராத்திரியெல்லாம் அழுகை. உங்க பாஷையில ஏதோ சொல்லிக் கத்தறான், எங்களுக்குப் புரியல. நீங்களே கேளுங்க.”

போன் கை மாறியது. முரளிதரனுக்குப் புரிந்தது.

“அத்தான்... நான்தான் அத்தான். அக்காவைக் கூப்பிடுங்க. நான்தான்...”

முரளிதரன் மெல்ல நிமிர்ந்தார். எதிரே நாற்காலியில் பொன்னுத்துரை. முன்னால் தொடாத சோற்றுத் தட்டு. பக்கத்தில் புஷ்பலதா, சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவன் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

“ராங் நம்பர்னு சொல்லிடுங்க அத்தான்.”